மெக்லாரன்: மீண்டு வந்த வேகம் நிலைக்குமா?

2025 நவம்பரில் லாஸ் வேகஸ் தெருக்களில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் மெக்லாரன் அணியின் லாண்டோ நோரிஸ் இரண்டாவதாகவும், அவருடைய அணித் தோழர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி நான்காவதாகவும் வந்தார்கள். சில மணி நேரம் கழித்து இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். காரணம், காரின் அடிப்பக்கத்தில் பொருத்தியிருக்கும் ஒரு பலகை. புதிதாக இருக்கும்போது அதன் தடிமன் 10 மில்லிமீட்டர். ஓட்டத்தில் தரையோடு உரசித் தேயும், தேயலாம். ஆனால் பந்தயம் முடிந்து அளக்கும்போது 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நோரிஸின் காரில் ஓரிடத்தில் 8.88, இன்னோரிடத்தில் 8.93 இருந்தது. பியாஸ்ட்ரியின் காரில் மிகவும் தேய்ந்திருந்த இடத்தில் 8.74. இந்தச் சொற்ப மில்லிமீட்டர்களுக்காக அணி இழந்தது 30 புள்ளிகள்.

இத்தனைக்கும் அப்போது அவர்கள்தான் உலக சாம்பியன்கள். அந்த ஆண்டின் 24 பந்தயங்களில் ஆறு மீதமிருக்கும்போதே, அக்டோபர் தொடக்கத்தில் சிங்கப்பூரில், அணிகளுக்கான பட்டத்தை உறுதி செய்துவிட்டிருந்தார்கள். 2024இலும் அந்தப் பட்டம் அவர்களுடையதே. அதற்கு முந்தைய பட்டம் 1998இல் வந்தது. 26 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மேலே ஏறிய அணி, ஏறிய இடத்திலேயே நிற்குமா என்பதுதான் இப்போது கார் பந்தய உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. ஓட்டுநர்களின் திறமை, முதலாளியின் பணம், பந்தய மைதானத்து அதிர்ஷ்டம் என்று பலர் பல விடை சொல்கிறார்கள். எனக்கு இது முதன்மையாக ஓர் அறிவியல் கேள்வியாகப் படுகிறது. ஓர் அணி தன்னுடைய காரைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு உண்மை என்பதில்தான் விடை இருக்கிறது.

மெக்லாரன் எப்படி விழுந்தது என்பதைப் பார்க்காமல் அது எப்படி எழுந்தது என்பது புரியாது. நியூசிலாந்துக்காரரான புரூஸ் மெக்லாரன் 1963இல் தொடங்கிய அணி இது. 1988இல் அயர்ட்டன் சென்னாவும் அலென் ப்ரோஸ்ட்டும் 16 பந்தயங்களில் 15ஐ இந்த அணிக்காக வென்றார்கள். 2008இல் லூயிஸ் ஹாமில்டன் ஓட்டுநர் பட்டம் வாங்கினார். 2012இல்கூட ஏழு வெற்றிகள். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயமான பிரேசிலில் ஜென்சன் பட்டன் முதலாவதாக வந்தார். பல நாட்களில் களத்திலேயே வேகமான கார் அவர்களுடையதாக இருந்தது. அடுத்த ஆண்டு விதிகள் பெரிதாக மாறவில்லை. இருந்தும் 2013இல் மெக்லாரனுக்கு ஒரு பந்தயத்தில்கூட முதல் மூன்று இடங்களில் ஒன்று கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த காரைப் படிப்படியாகச் செம்மைப்படுத்துவதை விட்டுவிட்டு, முன் சஸ்பென்ஷனின் அமைப்பு முதல் பலவற்றையும் புதிதாக யோசித்திருந்தார்கள். அந்தப் புதிய காரின் நடத்தையை அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து யாரும் தள்ளிவிடவில்லை. அணி தானாகவே சரிந்தது.

அதற்குப் பின் வந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி. 2015இல் ஹோண்டா எஞ்சினுக்கு மாறினார்கள். எஞ்சினுக்குப் போதிய சக்தி இல்லை, அடிக்கடி பழுதாகி நின்றது. அந்த ஆண்டு 27 புள்ளிகளோடு ஒன்பதாம் இடம். இரண்டு முறை உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ, ஹோண்டாவின் சொந்தத் தடமான சுசுகாவில், இது கீழ்நிலைப் பந்தயத்துக்கான எஞ்சின் என்று அணியோடு பேசும் வானொலியில் கத்தினார். 2017இலும் ஒன்பதாம் இடம்தான். அந்த மூன்று ஆண்டுகளும் அணிக்குள் நிலவிய நம்பிக்கை ஒன்று: எங்கள் கார் நல்ல கார், கெடுப்பது எஞ்சின். வளைவுகளில் நாங்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

2018இல் ஹோண்டாவை அனுப்பிவிட்டு ரெனோ எஞ்சினைப் பொருத்தினார்கள். அதே ரெனோ எஞ்சினோடு ரெட் புல் அணி அந்த ஆண்டு நான்கு பந்தயங்களை வென்றது. மெக்லாரன் ஒன்றுகூட வெல்லவில்லை. அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. மாதிரிக் காரின் மேல் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் தென்படாத ஒரு காற்றியக்கக் குறை, தடத்தில் ஓடும்போது காரில் இருந்தது. எஞ்சின் பலவீனமாக இருந்த காலமெல்லாம், நேர்ச்சாலையில் வேகம் குறைந்தால் அதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. அதனால் இரண்டாவது காரணம் இருக்கிறதா என்று யாரும் தேடவில்லை. ஒரு பிழை இன்னொரு பிழையை இப்படி மறைப்பது ஆய்வகங்களில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமான ஆபத்து. ஹோண்டாவோ பின்னாளில் ரெட் புல்லோடு சேர்ந்து 2021இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை உலக சாம்பியன் ஆக்கியது.

காற்றுச் சுரங்கத்தில் தெரியாதது தடத்தில் எப்படித் தெரியும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஃபார்முலா 1 கார் வளைவில் அத்தனை வேகமாகத் திரும்புவதற்குக் காரணம், காற்று அதைத் தரையோடு அழுத்துவதுதான். டவுன்ஃபோர்ஸ் என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதைத்தான். வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். 2022 முதல் 2025 வரையிலான கார்களில் இதன் பெரும்பங்கு காரின் அடித்தளத்திலிருந்து வந்தது. அடித்தளத்தின் கீழே இரண்டு வழிகள். முன்னால் அகன்று, நடுவில் குறுகி, பின்னால் மறுபடி விரியும். குறுகலான இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த காற்றின் அழுத்தம் குறையும். மேலே இருக்கும் சாதாரண அழுத்தம் காரைக் கீழே அமுக்கும். லோட்டஸ் அணி 1977, 78 கார்களில் இந்தத் தரை விளைவைப் பயன்படுத்தி எல்லாரையும் திகைக்க வைத்தது. 1983இல் தட்டையான அடித்தளம் கட்டாயமாக்கப்பட்டது. 2022இல்தான் தடை நீங்கியது.

தரைக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு உறிஞ்சுதல். ஆனால் ஓரளவுக்கு மேல் நெருங்கினால் வழி அடைபட்டு, உறிஞ்சுதல் சட்டென்று அற்றுப்போகும். கார் எழும்பும். எழும்பியதும் காற்று மறுபடி பாயும், கார் மறுபடி அமுங்கும். 2022இல் பல அணிகளின் கார்கள் நேர்ச்சாலையில் ஒரு நொடிக்குள் பலமுறை குதித்துக்கொண்டே ஓடியது இதனால்தான். ஆகவே கார் குதிக்காத அளவுக்கு, பலகை தேய்ந்து தீராத அளவுக்கு, அதே சமயம் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ வேண்டும். லாஸ் வேகஸில் நடந்தது இந்தக் கணக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பிசகியதுதான். கார் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குதித்தது, பலகை தேய்ந்தது. அவ்வளவு ஒல்லியான விளிம்பில்தான் சாம்பியன் கார் ஓடுகிறது.

இந்த அடித்தளங்களை வடிவமைப்பவர்கள் முழுக் காரைச் சுரங்கத்தில் வைத்து ஊதிப் பார்க்க முடியாது. விதிப்படி மாதிரி 60 சதவீத அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது. மணிக்கு 180 கிலோமீட்டர். நிஜக் காரோ நேர்ச்சாலையில் நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் போகும். திரவங்களும் வாயுக்களும் ஒரு பரப்பின் மேல் எப்படி ஒட்டி ஓடும், எங்கே பிரியும் என்பதைத் தீர்மானிப்பதில் அளவும் வேகமும் சேர்ந்த ஒரு எண்ணுக்குப் பங்குண்டு. ரெனால்ட்ஸ் எண் என்பார்கள். நொடிக்கு 80 மீட்டரில் ஓடும் நிஜக் காரோடு ஒப்பிட்டால், சுரங்கத்து மாதிரியின் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ எட்டில் மூன்று பங்குதான். அதாவது மாதிரியின் மேல் காற்று பிரிகிற இடமும் நிஜக் காரின் மேல் பிரிகிற இடமும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பக்கவாட்டுக் காற்று, முன்னால் போகும் காரின் கலங்கல், வளைவில் நசுங்கும் டயர், காரே குதிப்பது என்று சுரங்கத்துக்குள் முழுமையாகக் கொண்டுவர முடியாதவை இன்னும் எத்தனையோ. கணினியில் செய்யும் காற்றோட்டக் கணக்கீட்டுக்கும் இதே போன்ற எல்லைகள் உண்டு.

ஆகவே அணிகள் சுரங்கம் சொன்னதைத் தடத்தில் சரிபார்க்கின்றன. வெள்ளிக்கிழமைப் பயிற்சியைப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம்: காரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல் அளவுக்குப் பெரிய சட்டத்தைக் கட்டியிருப்பார்கள். அதில் வரிசை வரிசையாக மெல்லிய குழாய்கள். ஒவ்வொரு குழாயும் தன் முனையில் காற்றழுத்தத்தை அளந்து சொல்லும். சில நேரம் இறக்கையில் பளீரென்ற பச்சை நிறத் திரவத்தைத் தடவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார்கள். எண்ணெய் கலந்த அந்தச் சாயம் காற்று போன வழியிலேயே கோடு கோடாக இழுபட்டு உலர்ந்திருக்கும். காற்று பிரிந்த இடத்தில் கோடுகள் குழம்பிக் குட்டையாகத் தேங்கியிருக்கும். பொறியாளர்கள் அதை நெருங்கிப் படம் எடுத்து, கணினியில் வரைந்த கோடுகளோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் பொருந்தினால் சுரங்கம் சொல்வதை நம்பலாம். பொருந்தவில்லையென்றால் நகைக்கடைத் தராசில் கோளாறு என்பது போலத்தான். அதில் நிறுத்தது எதையும் இனி நம்ப முடியாது, இதுவரை நிறுத்ததையும் சந்தேகிக்க வேண்டும்.

வெற்றி நீடிக்குமா என்று கேட்பவர்கள் இந்தப் பொருத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மெக்லாரனின் 2023ஆம் ஆண்டு இதற்கு நல்ல சாட்சி. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கார் எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை என்று பந்தயங்கள் தொடங்கும் முன்பே அணியே ஒப்புக்கொண்டது. பஹ்ரைனில் பியாஸ்ட்ரியின் கார் பாதியில் நின்றது. நோரிஸ் ஆறு முறை தடத்தோரப் பணியிடமான பிட்டுக்கு வந்து, ஓடி முடித்தவர்களில் கடைசியாக, 17ஆவதாக வந்தார். முதல் எட்டுப் பந்தயங்களில் மொத்தம் 17 புள்ளிகள். ஒன்பதாவது பந்தயமான ஆஸ்திரியாவில் நோரிஸின் காருக்கு மட்டும் புதிய அடித்தளமும் புதிய பக்கவாட்டு வடிவமும் வந்தன. அவர் நான்காவதாக வந்தார். அடுத்த வாரம் சில்வர்ஸ்டோனில் இரண்டாவது. ஆஸ்திரியா தொடங்கி 14 வார இறுதிகளில் அணி சேர்த்தது 285 புள்ளிகள்.

ஒரே ஒரு மேம்பாட்டில் ஒரு கார் இவ்வளவு முன்னேறுவது ஃபார்முலா 1இல் அபூர்வம். அதைவிட அபூர்வம், அதற்குப் பிறகு கொண்டுவந்த மேம்பாடுகளும் அநேகமாகச் சொன்னபடி வேலை செய்தது. 2024 மயாமியில் வந்த பெரிய மாற்றமும் அப்படியே. மெக்லாரனுக்கு, இங்கிலாந்தில் அதன் தலைமையகம் இருக்கும் வோக்கிங்கில், சொந்தமாகப் புதிய காற்றுச் சுரங்கம் 2023இல் தயாரானது உண்மை. அதற்கு முன் ஜெர்மனியின் கோலோன் நகரில் இருக்கும் டொயோட்டா சுரங்கத்தை வாடகைக்கு எடுத்து, மாதிரிகளை அங்கே கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆஸ்திரியாவுக்கு வந்த பாகங்கள் அந்தப் பழைய ஏற்பாட்டிலேயே பிறந்தவை. கட்டடம் மாறும் முன்பே வேலை செய்யும் முறை மாறிவிட்டது.

அந்த மாற்றத்தின் நடுவில் நிற்பவர் ஆண்ட்ரியா ஸ்டெல்லா. ஃபெராரியில் மைக்கேல் ஷூமாக்கர், கிமி ரைக்கோனன், அலோன்சோ ஆகியோரோடு பொறியாளராக இருந்தவர். 2015இல் மெக்லாரனுக்கு வந்தார். 2022 டிசம்பரில் அணித் தலைவரானார். சில மாதங்களில் ஒரே தொழில்நுட்ப இயக்குநர் என்ற பதவியை எடுத்துவிட்டு, காற்றியக்கம், வடிவமைப்பு, செயல்திறன் எனப் பொறுப்பைப் பிரித்தார். மேலே இருக்கும் ஒருவரின் கருத்துக்கு எல்லாரும் தலையாட்டும் இடத்தில் பிழை வெளியே வராது. ரெட் புல்லிலிருந்து பொறியாளர் ராப் மார்ஷல் 2024 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். இவற்றைச் செய்ய இடம்கொடுத்த தலைமை நிர்வாகி ஸாக் பிரவுனுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நான் மெச்சுவது ஸ்டெல்லாவின் பொறுமையை.

டயரிலும் மெக்லாரன் ஒரு நுணுக்கத்தைக் கண்டுபிடித்தது. பந்தய டயரின் ரப்பர் ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்தான் சாலையைப் பற்றும். குளிர்ந்தால் வழுக்கும். கொதித்தால் அதைவிட மோசம்: வழுக்கும், வழுக்குவதால் உராய்ந்து மேலும் சூடாகும், அதனால் மேலும் வழுக்கும். டயருக்கு வெப்பம் சாலையிலிருந்து மட்டும் வருவதில்லை. சக்கரத்துக்குள் இருக்கும் கார்பன் பிரேக் தட்டு கடுமையாகப் பிடிக்கும்போது ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். அந்த வெப்பம் ரிம் வழியாக டயரை உள்ளிருந்து சுடும். பிரேக்கைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று போகும் பாதையை மெக்லாரன் பொறியாளர்கள் மிக நுட்பமாகச் செதுக்கி, பின்டயர்களுக்குப் போகும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தினார்கள். வெயிலும் நீண்ட வளைவுகளும் உள்ள தடங்களில் இது பளிச்சென்று தெரிந்தது. 2025 மயாமியில் பியாஸ்ட்ரியும் நோரிஸும் முதல் இரண்டு இடங்களில் வர, மூன்றாவதாக வந்த ஜார்ஜ் ரஸ்ஸல் 37 விநாடி பின்னால் இருந்தார். போட்டி அணிகள் சந்தேகப்பட்டன. சர்வதேச மோட்டார் சங்கமான எஃப்ஐஏ அந்தப் பாகங்களைச் சோதித்தது. விதிமீறல் எதுவும் இல்லை. அதற்கடுத்த மாதம் முன் இறக்கை வளைவதற்கான சோதனை கடுமையாக்கப்பட்டபோது, மெக்லாரனின் ஆட்டம் முடிந்தது என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அந்தச் சோதனை அமலுக்கு வந்த ஸ்பெயின் பந்தயத்திலும் முதல் இரண்டு இடங்கள் அவர்களுக்கே.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அதிர்ஷ்டத்தைப் பேசாமல் விட்டால் நேர்மையாகாது. நோரிஸ் தன் முதல் வெற்றியைப் பெற்றது 110ஆவது பந்தயத்தில், 2024 மயாமியில். கார் வேகமாகத்தான் இருந்தது. ஆனால் விபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாக்கும் பாதுகாப்பு கார், சரியான நேரத்தில் தடத்துக்குள் வந்ததும் அவருக்குக் கைகொடுத்தது. அந்த ஆண்டு மெக்லாரன் ஃபெராரியை முந்தியது 666க்கு 652 என்ற கணக்கில். 24 பந்தயங்கள் ஓடி, 14 புள்ளி வித்தியாசம். புள்ளியியலில் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் கால்டன், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதைக் கவனித்தார். எந்த உச்ச நிலையிலும் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கும்; அடுத்த முறை திறமை அப்படியே இருந்தாலும் தற்செயல் அதே அளவுக்கு உதவாது. ஆகவே உச்சத்துக்குப் பிறகு சற்று இறக்கம் வருவதே இயல்பு. 2025இல் 14 வெற்றிகள் பெற்ற அணி அடுத்த ஆண்டு குறைவாக வென்றால், உடனே யார் மேலாவது பழி போட வேண்டியதில்லை.

தற்செயல் மட்டுமா, விதிகளே வென்றவனைப் பின்னுக்கு இழுக்கின்றன. 2022 முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாட்டின்படி, ஓர் அணிக்கு எட்டு வாரத்துக்கு 320 சுரங்க ஓட்டங்கள் என்பது அடிப்படை அளவு. சாம்பியன் அணிக்கு அதில் 70 சதவீதம் மட்டுமே, அதாவது 224. இரண்டாம் இடத்துக்கு 75 சதவீதம், இப்படியே ஐந்து ஐந்தாக ஏறி, பத்தாம் இடத்துக்கு 115 சதவீதம், 368. கணினிக் கணக்கீட்டுக்கும் இதே விகிதம்தான். 2021இல் வந்த செலவு வரம்பு இன்னொரு கட்டு. பணத்தைக் கொட்டிப் பிழையைச் சரிசெய்யும் பழைய வழி அடைபட்டது. 224 ஓட்டங்களில் ஒவ்வொன்றும் உண்மை சொல்ல வேண்டும். சுரங்கத்தை நம்ப முடியாத அணி, கிடைத்த சொற்ப ஓட்டங்களில் பாதியைச் சந்தேகத்தைத் தீர்க்கவே செலவிடும். மெக்லாரன் 2025 முழுவதும் அநேகமாக எல்லாரையும்விடக் குறைந்த ஓட்டங்களோடு வேலை செய்தும் 833 புள்ளிகள் எடுத்தது. இரண்டாவதாக வந்த மெர்சிடிஸுக்கு 469. அதிர்ஷ்டத்தைக் கழித்தாலும் மிஞ்சும் திறமைக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்று ரெட் புல். 2023இல் 22 பந்தயங்களில் 21ஐ வென்ற அணி, 2024இல் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அவர்கள் பயன்படுத்தும் பெட்ஃபோர்டு சுரங்கம் பனிப்போர்க் காலத்தது. அதில் கிடைத்த எண்களும் தடத்தில் கார் நடந்துகொண்ட விதமும் ஒரு கட்டத்தில் பொருந்தாமல் போயின. கார் வென்றுகொண்டிருந்தவரை அந்தப் பொருத்தமின்மை உறுத்தவில்லை. 2025 ஜூலையில் தலைமை மாறி லோரன் மெக்கீஸ் வந்தபோது அவர் செய்ததில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. அடுத்த ஆண்டு விதிகளே மாறவிருந்தன. இந்தக் காரில் இனி உழைப்பது வீண் என்று பெரும்பாலான அணிகள், மெக்லாரன் உட்பட, மேம்பாட்டை நிறுத்திக்கொண்டன. ரெட் புல் நிறுத்தவில்லை. இந்தக் காரின் பிழையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அதே கருவிகளை வைத்து அடுத்த காரை எப்படி வடிவமைப்பது என்பது மெக்கீஸின் வாதம். ஆகஸ்ட் இறுதியில் முதலிடத்தில் இருந்தவரைவிட 104 புள்ளி பின்தங்கியிருந்த வெர்ஸ்டாப்பன், கடைசி ஒன்பது பந்தயங்களில் ஆறை வென்றார். டிசம்பரில் அபுதாபியில் எல்லாம் முடிந்தபோது நோரிஸுக்கு 423, அவருக்கு 421. லாஸ் வேகஸ் தகுதி நீக்கமும், கத்தாரில் பாதுகாப்பு கார் வந்தபோது இரு கார்களையும் பிட்டுக்கு அழைக்காமல் விட்ட தவறும் சேர்ந்து மெக்லாரனுக்கு ஓட்டுநர் பட்டத்தையே ஏறக்குறைய இழக்க வைத்துவிட்டன.

இனி 2026. விதிகள் ஒட்டுமொத்தமாக மாறுகின்றன. கார் 10 சென்டிமீட்டர் குறுகுகிறது, எடை குறைகிறது. தரைக்கடியில் காற்றை உறிஞ்சிய அந்த வழிகள் போய், பெரும்பாலும் தட்டையான அடித்தளம் வருகிறது. முன், பின் இறக்கைகள் ஓடும்போதே கோணம் மாறும். மின் மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்கு உயர்ந்து, மொத்த சக்தியில் ஏறத்தாழ பாதி மின்சாரத்திலிருந்து வரும். மெக்லாரன் நான்கு ஆண்டுகளில் சேர்த்த காற்றியக்க அறிவில் கணிசமான பகுதி இதோடு காலாவதியாகிறது.

விதி மாறும்போது சாம்பியன்கள் விழுவதை வரலாறு பலமுறை பார்த்திருக்கிறது. 2000 முதல் 2004 வரை தொடர்ந்து வென்ற ஃபெராரி, ஒரே செட் டயரில் பந்தயம் முழுக்க ஓட வேண்டும் என்ற 2005 விதியில் தடுமாறி, அந்த ஆண்டு ஒரே ஒரு பந்தயம்தான் வென்றது. அதுவும் டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் 14 கார்கள் விலகி, ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபோலிஸ் பந்தயம். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் நான்காவதாக வந்து, ஃபார்முலா 1இல் புள்ளி எடுத்த முதல் இந்தியர் ஆனது அன்றுதான். எட்டு ஆண்டுகள் அசைக்க முடியாமல் இருந்த மெர்சிடிஸ் 2022 விதிகளோடு இறங்கியது.

மெக்லாரனின் சொந்த வரலாற்றிலேயே இரண்டு முன்னுதாரணங்கள் எதிரெதிராக நிற்கின்றன. 2009இல் விதி மாறியபோது நடப்பு சாம்பியன் ஹாமில்டனின் கார் தொடக்கத்தில் படுமோசம். ஆனால் பிழை எங்கே என்று அணிக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது. ஜூலையில் ஹங்கேரியில் வென்றார். 2014 வேறு மாதிரி. ஹைபிரிட் எஞ்சின்கள் வந்த அந்த ஆண்டு, களத்தின் சிறந்த எஞ்சினான மெர்சிடிஸ்தான் மெக்லாரனிடமும் இருந்தது. முதல் பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்கள். அதற்குப் பிறகு ஆண்டு முழுவதும் ஒரு முறைகூட அந்த உயரத்தைத் தொடவில்லை. எஞ்சினைச் செய்த மெர்சிடிஸ் அணியோ 19இல் 16ஐ வென்றது. இன்றும் மெக்லாரன் மெர்சிடிஸிடம் எஞ்சின் வாங்கும் அணிதான். பேட்டரியில் உள்ள சக்தியைச் சுற்றின் எந்த இடத்தில் எவ்வளவு செலவழிப்பது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும் காலத்தில், எஞ்சினைச் செய்தவர்களுக்கு அதன் குணம் முதலில் தெரியும். புதிய விதிகளின் முதல் சில மாதங்களில் மெக்லாரனுக்கு இது சுமையாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஃபெராரி, மெர்சிடிஸ் போல ஆண்டுக்கணக்கில் பட்டங்களை அடுக்கும் ஆதிக்கம் மெக்லாரனுக்கு வாய்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுரங்க ஓட்டக் கட்டுப்பாடும் செலவு வரம்பும் இருக்கும்வரை அப்படிப்பட்ட ஆதிக்கம் எவருக்கும் கடினம். அதே நேரம், 2015ஐப் போல ஒன்பதாம் இடத்துக்கு அவர்கள் சரிவார்கள் என்றும் நம்பவில்லை. அன்று அவர்களிடம் இல்லாதது வேகம் மட்டுமல்ல, தங்கள் பிழையைப் பார்க்கும் கண். இன்று அது இருக்கிறது, அதைக் கட்டிய மனிதர்களில் பெரும்பாலோர் இன்னும் வோக்கிங்கிலேயே இருக்கிறார்கள்.

இதில் நான் சரியா தவறா என்பதை வெற்றிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன். வெள்ளிக்கிழமை மெக்லாரன் கார்களில் புதிய இறக்கையோ அடித்தளமோ பொருத்தப்படும்போது, சனிக்கிழமைத் தகுதிச் சுற்றுக்கும் அது காரிலேயே இருக்கிறதா, கழற்றப்பட்டுப் பழைய பாகம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன். அப்படி இரண்டு மூன்று பந்தயங்களில் தொடர்ந்து கழற்றினார்கள் என்றால், புள்ளிப் பட்டியலில் அவர்கள் எந்த இடத்தில் இருந்தாலும் சரிவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.